டாக்டர் சொன்ன மாதிரி

"டாக்டர் சொன்ன மாதிரி, இந்த நாவல்ல வில்லன்னு ஒருத்தருமே கிடையாதுங்க. அதுதான் பயமா இருக்கு" என்றாள் மனைவி, வாயில் பிரஷ்ஷோடு.

சூப்பர்வைசர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். பட்டன் ஒன்று மாறிப் போய்விட்டது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அந்தப் பதவியே பேராகிவிட்டது. மாமியார்கூட, "சூப்பர்வைசர் சாப்பிட்டாரா?" என்றுதான் மகளிடம் கேட்பார். மனைவி ஆடிட்டர். அடுத்தவர் கணக்கில் ஒளிந்திருக்கும் பொய்யைத் தேடிப் பிடிப்பது அவள் தொழில் என்பதால், வீட்டில் அவரால் ஒரு சின்னப் பொய்கூட நிம்மதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

அவள் நூலகத்து வாசகர் வட்டத்தில் சேர்ந்தபோது அவர் சந்தோஷப்பட்டார். மாதத்தில் ஒரு சாயங்காலம் டிவி ரிமோட் தன் கைக்கு வரும் என்பதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. ஆனால் அதோடு வீட்டுக்குள் ஒரு கண் டாக்டரும் குடியேறிவிட்டார். வாடகை கொடுக்காத குடித்தனம். சமையலறையில் டாக்டர் சொன்ன மாதிரி. காரில் டாக்டர் கேட்ட கேள்வி. தூங்கப் போகும்போது டாக்டர் படிக்கச் சொன்ன புத்தகம்.

போன மாதம் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டாள். மெல்லிய தங்க நிற விளிம்பு. அநியாயத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

"டாக்டரோட செலக்‌ஷன்" என்றாள். "என் முக அமைப்புக்கு இதுதான் எடுப்பா இருக்குமாம்."

அவள் முகத்துக்கு அமைப்பு என்று ஒன்று இருப்பதை அவர் யோசித்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து முகம் முகமாகவே இருந்துவந்தது.

"அந்த டாக்டருக்கு என்ன வயசிருக்கும்?" என்று அன்றைக்குச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"நம்ம வயசுதான். ஆனா பாத்தா சொல்லவே முடியாது."

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அன்று முழுவதும் நினைத்தார்.

இப்போது கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னிக்குச் சாயங்காலம் நானும் வரேன்."

பிரஷ் நின்றது. "எங்க?"

"உங்க வாசகர் வட்டத்துக்கு."

"நீங்களா? மிக்ஸி வாங்கினப்ப, அதோட வந்த நாலு பக்கத்தையே என்னைப் படிச்சுச் சொல்லச் சொன்னீங்க."

"இந்த நாவலைப் படிச்சுட்டேன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"நானூறு பக்கமும்?"

"இன்னும் நாலு பக்கம் இருந்திருந்தா அதையும் படிச்சிருப்பேன்."

மனைவி தங்க விளிம்புக் கண்ணாடி வழியாக அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இடிக்கிற கணக்கைப் பார்க்கிற பார்வை.

"வாங்களேன்" என்றாள். "நல்லாப் பொழுது போகும்."

யாருக்கு என்று சொல்லவில்லை.

ஆபீஸ் போனதும் முதல் வேலையாக மச்சினனுக்கு போன் போட்டார். மனைவியின் தம்பி, மருந்துக்கடை வைத்திருப்பவன். கல்லாவில் உட்கார்ந்தபடி கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவன்.

"அந்தக் குண்டு நாவல் கதை என்னடா? சுருக்கமாச் சொல்லு."

"எதிர்காலத்துல ஒரு நாடு, அத்தான். அங்க பொறாமைப்படறது சட்டப்படி குத்தம். யார் மூஞ்சியில பொறாமை தெரிஞ்சாலும் பாக்கறவங்க உடனே புகார் கொடுக்கணும். அண்ணன் மேல தம்பி கொடுக்கலாம். புருஷன் மேல பொண்டாட்டி கொடுக்கலாம். யாரும் தன்னோட வேலை என்ன, யாருக்கு என்ன உறவுன்னு வெளியில சொல்லக் கூடாது. சொன்னா அடுத்தவனுக்கு வயிறு எரியுமாம்."

"எரிஞ்சா?"

"புடிச்சிட்டுப் போய் ஒரு ஊசி. அப்புறம் ஒண்ணுமே தோணாது. யாரைப் பாத்தாலும் சிரிக்க வேண்டியதுதான்."

"அந்த ஊசி மருந்துக்கடையில கிடைக்குமா?"

"என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்ல. முடிவு என்ன?"

"ஹீரோ தப்பிச்சுப் போயிடறான்னு... இருங்க, ஆள் வந்திருக்கு" என்று போன் துண்டிக்கப்பட்டது.

இவ்வளவு போதும் என்று நினைத்தார் சூப்பர்வைசர்.

நூலகத்தின் மாடியில் ஒரு நீள அறை. சுவரோரம் பழைய இதழ்களின் கட்டுகள், நடுவில் வட்டமாகப் போட்ட நாற்காலிகள், ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு முக்காலி, மூலையில் தேநீர் பிளாஸ்க். மனைவி ஆபீஸிலிருந்து நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள். வாசலில் நின்ற நூலகர், "நீங்க?" என்றார்.

"ஆடிட்டர் வீடு" என்றார் சூப்பர்வைசர். கூரியர்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவர் அதைக் கேட்டு வெடுக்கென்று திரும்பினார்.

தாடிக்காரர். பார்த்துப் பார்த்துச் செதுக்கிய தாடி. அதில் அங்கங்கே நரை, அதுகூட வேண்டுமென்றே வைத்ததுபோல் இருந்தது. முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. வயது சொல்லவே முடியவில்லை. அவர் சூப்பர்வைசரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை அளந்தார்.

வட்டத்தின் தலைவி, வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தாடிக்காரரைப் பார்த்து, "டாக்டர் வந்தாச்சா?" என்று சிரித்தார்.

"வந்தாச்சு மேடம், வந்தாச்சு" என்றார் தாடிக்காரர்.

தன்னையே யாரோ பெரிய மனிதரைச் சொல்வதுபோல் சொல்லிக்கொள்கிறாரே! என்ன திமிர்! சூப்பர்வைசருக்குக் காது சூடாகியது. இந்த ஆள்தான். சமையலறையிலும் காரிலும் படுக்கையறையிலும் மாதக்கணக்காகக் குடியிருப்பவர் இந்த ஆள்தான்.

மனைவி உள்ளே வந்தாள். கூடவே கிராப்பு வெட்டிய ஒரு பெண்மணி. இருவரும் மாடிப்படியில் ஆரம்பித்த சிரிப்பை இன்னும் முடிக்கவில்லை. சூப்பர்வைசர் பக்கத்து நாற்காலியைத் தட்டி மனைவியைக் கூப்பிட்டார்.

"அது கூடாது" என்றார் தலைவி. "இன்னிக்கு நாம எல்லாரும் அந்த நாவல் நாட்டோட குடிமக்கள். கணவன் மனைவி பக்கத்துல உக்காரக் கூடாது. யாரும் தன் தொழிலைச் சொல்லக் கூடாது, அடுத்தவங்க தொழிலையும் சொல்லக் கூடாது."

மனைவி கிராப்பு வெட்டிய பெண்மணியோடு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். சூப்பர்வைசருக்குப் பக்கத்தில் தட்டிய நாற்காலியில் தாடிக்காரர் வந்து உட்கார்ந்தார்.

நூலகர் ஆளுக்குச் சில மஞ்சள் அட்டைகளைக் கொடுத்தார்.

"யார் பேச்சுல பொறாமை தெரியுதோ, அவங்க முன்னால ஒரு அட்டையை வைங்க" என்றார் தலைவி. "அதுதான் புகார். யாருக்கு அதிகமா சேருதோ, அவங்க எழுந்து வாக்குமூலம் கொடுக்கணும். சரி, முதல் கேள்வி. பொறாமையே இல்லாத நாடு நல்ல நாடா, இல்லையா?"

தாடிக்காரர் முந்திக்கொண்டார். "நல்ல நாடுதான். பொறாமை சின்னப் புத்தி. எனக்கெல்லாம் அது வந்ததே இல்லை."

எதிரே மனைவி தலையாட்டினாள். அவள் யார் பேசினாலும் தலையாட்டுகிறவள்தான். டிவியில் செய்தி வாசிப்பவருக்கும் ஆட்டுவாள். ஆனால் இந்தத் தலையாட்டல் சூப்பர்வைசரின் நெஞ்சில் போய் இடித்தது.

"எனக்கும் வந்ததில்லை" என்றார் உரக்க. "சின்ன வயசிலேருந்தே."

தாடிக்காரர் திரும்பினார். "எனக்குப் பொறந்ததிலேருந்தே."

"எங்க குடும்பத்துலயே கிடையாது."

"எங்க தெருவுலயே கிடையாது."

இருவர் முன்னாலும் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை விழுந்தது.

சூப்பர்வைசர் பதறிப்போனார். பொறாமை இல்லை என்று காட்ட ஒரே வழி, மனதாரப் பாராட்டுவதுதான் என்று தோன்றியது. "சாரைப் பாத்து நான் ஏங்க பொறாமைப்படணும்? சட்டை எவ்வளவு வெள்ளையா இருக்கு! தாடி என்னமா இருக்கு! நானும் ஒரு தடவை தாடி விட்டுப் பாத்தேன், ஆபீஸ் செக்யூரிட்டி என்னை உள்ளயே விடலை."

எல்லோரும் சிரித்தார்கள். தாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "கேலி பண்றீங்களா?"

"பாராட்டினேன் சார்."

"பாராட்டற மூஞ்சியா இது?"

சூப்பர்வைசர் முன்னால் மேலும் இரண்டு அட்டைகள் வந்தன. ஒன்றை வைத்தவள் மனைவி. வட்டத்தைக் கடந்து வந்து, முக்காலியில் அதை நேராக வைத்து, ஓரத்தைச் சரிசெய்துவிட்டுப் போனாள். கணக்குப் புலி.

அடுத்து நாவலின் முடிவைப் பற்றிப் பேச்சு வந்தது.

"கடைசியில ஹீரோ தப்பிச்சுப் போற இடம் இருக்கே, அங்க எனக்குக் கண் கலங்கிடுச்சு" என்றார் தாடிக்காரர்.

மச்சினன் சொன்னதும் அதேதான். ஆனால் இந்த ஆள் சொன்னதை எப்படி ஒத்துக்கொள்வது?

"தப்பிக்கறானா? எங்க தப்பிக்கறான்? சுட்டுடறாங்களே!" என்றார் சூப்பர்வைசர்.

"யார் சுட்டா?"

"போலீஸ்தான்."

"எந்தப் பக்கத்துல?"

"முதுகுப் பக்கத்துல."

"நான் புத்தகத்துல எந்தப் பக்கம்னு கேட்டேன்!"

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவன் தப்பிக்கவும் இல்லை, சாகவும் இல்லையே. கடைசியில ஊசி போட்டுக்கிட்டு, அந்த நாட்டுக்கே மந்திரியாயிடறானே."

தாடிக்காரரின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்ததும் சூப்பர்வைசருக்குத் தன் அவமானமே மறந்துபோனது. அட, இந்த ஆளும் படிக்கவில்லை! படிக்காமலேயே இத்தனை நாளாக என் மனைவியிடம் கதை அளந்திருக்கிறார்!

"மந்திரி ஆனதைத்தான் நான் செத்துட்டான்னு சொன்னேன்" என்றார்.

"மந்திரி ஆனதைத்தான் நான் தப்பிச்சுட்டான்னு சொன்னேன்" என்றார் தாடிக்காரர்.

யாரோ கைதட்டினார்கள். "என்ன ஒரு பார்வை! ரெண்டு பேருமே பிரமாதம்" என்றார் தலைவி. மனைவி தாடிக்காரரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். தன்னைப் பார்த்தும் செய்தாளா என்று சூப்பர்வைசர் கவனிக்கவில்லை. ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"டாக்டர் சொல்லிட்டா மட்டும் எல்லாம் சரியாயிடுமா?" என்று கத்திவிட்டார்.

எதிரே மனைவியும் கிராப்பு வெட்டிய பெண்மணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாடிக்காரர் காது வரை சிவந்தார். "என்னைச் சீண்டிப் பாக்கறீங்களா?"

"தொழிலைச் சொன்னது குத்தம்!" என்று தலைவி உற்சாகமாகக் கூவினார். அட்டைகள் பறந்து வந்தன. தாடிக்காரரின் முக்காலியும் காலியாக இல்லை. கிராப்பு வெட்டிய பெண்மணி எழுந்து வந்து, கையில் மிச்சமிருந்த அத்தனை அட்டைகளையும் ஒரே கொத்தாக அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

இந்த அறையில் புத்தியுள்ளவர் இவர் ஒருவர்தான் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார். முன்பின் தெரியாத பெண்மணி. ஒரே பார்வையில் ஆளை எடை போட்டுவிட்டாரே!

ஆனாலும் அதிக அட்டை சூப்பர்வைசருக்குத்தான். வாக்குமூலம் கொடுக்க எழுந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எனக்குப் பொறாமை இல்லைங்க" என்று ஆரம்பித்தார். "என் வீட்ல காலையில எந்திரிச்சதும் இன்னொருத்தர் பேச்சுத்தான். அந்தப் புத்தகம் படி, இந்தப் படம் பாருன்னு அங்கேருந்துதான் வருது. வரட்டும். எனக்கு என்ன? நான் பாட்டுக்கு டிவி பாக்கறேன். டிவியில என்ன ஓடுதுன்னு கேட்டாத்தான் சொல்லத் தெரியாது."

சிலர் சிரித்தார்கள். அவர் தொடர்ந்தார்.

"கண்ணாடி விஷயம் ஒண்ணுதான் தாங்க முடியலை. ரோட்டுல போறப்ப என் மனைவி, அந்த போர்டுல என்ன போட்டிருக்கு, இந்த பஸ் எங்க போகுதுன்னு என்னைக் கேட்டுக்கிட்டே வருவா. கையைப் புடிச்சுக்கிட்டுக் கேப்பா. நான் அதைச் செல்லம்னு நினைச்சேன். பெருமையா வாசிச்சுச் சொல்லுவேன். அவளுக்குக் கண்ணு தெரியலைங்கறது எனக்குத் தோணவே இல்லை. வேற ஒருத்தர் ஒரே நாள்ல கண்டுபுடிச்சுட்டாங்க. இப்ப அவளே எல்லா போர்டையும் படிச்சுக்கறா. என்னை ஒண்ணும் கேக்கறதில்லை."

அவர் உட்கார்ந்துவிட்டார். மனைவி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

பிறகு கைதட்டல் எழுந்தது. "நடிப்புன்னா இதுதான்!" என்றார் ஒருவர். தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாடிக்காரருக்கு அது பொறுக்கவில்லை. யாரும் கூப்பிடாமலேயே எழுந்தார்.

"எங்க வீட்லயும் ஒருத்தர் பேச்சுத்தான் ஓடுது. நான் கண்டுக்கறதே இல்லை. சாப்பாட்டு மேஜையில அந்தப் பேச்சு. கல்யாண நாளுக்கு நான் வாங்கிட்டு வந்த சேலையைக்கூட அந்த ஆளோட யோசனையைக் கேட்டுத்தான் மாத்தினாங்க. நான் வாய் தெறந்தேனா? நாலு நாள் சாப்பிடலை, அவ்வளவுதான்."

சொல்லும்போது கண்ணை எடுக்காமல் சூப்பர்வைசரையே பார்த்தார். கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது.

நான் பேசியதையே கொஞ்சம் மாற்றிப் போட்டுக் கைதட்டு வாங்கிவிட்டாரே என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார்.

தேநீரும் பிஸ்கட்டும் முடிந்தன. தலைவி தீர்ப்புச் சொன்னார்: அட்டை அதிகம் வாங்கிய இருவரும் நாற்காலிகளை அடுக்கிவிட்டு வர வேண்டும். எல்லோரும் கீழே இறங்கினார்கள்.

மனைவி போகிற வழியில் சூப்பர்வைசரின் முழங்கையைத் தொட்டாள். "கீழ நிக்கறேன். வெளிய வந்ததும் அந்த பஸ் எங்க போகுதுன்னு எனக்குப் படிச்சுச் சொல்லணும்" என்றாள். கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது.

அவர் தலையை ஆட்டினார். அந்த ஒரு நிமிடம் பொறாமை எங்கே போனது என்றே தெரியவில்லை. திரும்பினால், தாடிக்காரர் மூன்று நாற்காலிகளை ஒன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தார். போன பொறாமை உடனே திரும்பி வந்துவிட்டது.

சூப்பர்வைசர் நான்கைத் தூக்கினார்.

தாடிக்காரர் ஐந்தைத் தூக்கினார்.

சூப்பர்வைசர் ஆறைத் தூக்கி, இரண்டடி நடந்து, ஆறையும் கீழே போட்டார். அந்தச் சத்தத்தில் சுவரோரக் கட்டு ஒன்று சரிந்து பழைய இதழ்கள் தரையெங்கும் பரவின.

"முடியாதுன்னா விட்டுட வேண்டியதுதானே" என்றார் தாடிக்காரர்.

"டாக்டர் சார்!" சூப்பர்வைசர் விழுந்த நாற்காலிகளைத் தாண்டி வந்தார். "நேராவே சொல்லிடறேன். நீங்க பெரிய படிப்புப் படிச்சவரா இருக்கலாம். ஆனா இனிமே உங்க பேச்சு எங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது."

"என் பேச்சு உங்க வீட்டுல எதுக்கு ஏறுது? முதல்ல உங்க யோசனையை உங்க வீட்டோட வச்சுக்குங்க, ஆடிட்டர் சார்!"

பெண்டாட்டியின் உத்தியோகத்தைச் சொல்லிக் குத்திக் காட்டுகிறார்! சூப்பர்வைசருக்குக் கண் இருட்டியது. "இன்னொரு தடவை என்னை ஆடிட்டர்னு சொல்லிப் பாருங்க, டாக்டர்!"

"நீங்க இன்னொரு தடவை என்னை டாக்டர்னு சொல்லிப் பாருங்க!"

இருவர் கையிலும் ஆளுக்கொரு நாற்காலி இருந்தது. வீசுவதற்கா, அடுக்குவதற்கா என்று அவர்களுக்கே தெரியாத நிலையில் அவை அந்தரத்தில் நின்றன.

கதவருகில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. நூலகர் எட்டிப் பார்த்தார்.

"சார், சீக்கிரம் முடிச்சுட்டு இறங்குங்க, பூட்டணும். டாக்டரம்மாவும் ஆடிட்டரம்மாவும் அவங்கவங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போக, எவ்வளவு நேரமா கீழ நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்காங்க!"